போக்கர் டீலர் வேலையில் ஆட்டக்காரர்களை எடை போடுவது எப்படி? எங்கே நிறுத்திக்கொள்வது?

புதுக்கை:

வணக்கம். கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் போக்கர் டீலராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் ஓட்டல் வரவேற்பில் இருந்தேன். சீட்டு என்றால் தீபாவளிக்கு மாமா வீட்டில் ஆடும் ரம்மி மட்டும்தான் தெரியும். பயிற்சியில் சீட்டைக் கலைப்பது, வெட்டுவது, பட்டனுக்கு (டீலர் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) இடப்பக்கம் இருப்பவரிடமிருந்து ஆரம்பித்துப் போடுவது, மூன்று பேர் மூன்று தொகைக்கு ஆல்-இன் போனால் (தன் சிப் முழுவதையும் வைத்தால்) பாட்டை, அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை, மெயின் பாட், சைட் பாட் என்று பிரிப்பது எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கை பழகிவிட்டது. ஆட்கள்தான் பழகவில்லை.

எங்கள் சீனியர் ஒருவர் ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்: "சீட்டைப் பார்த்தது போதும், ஆளைப் பார்." ஆளிடம் எதைப் பார்ப்பது என்று கேட்டால் போகப்போகத் தெரியும் என்கிறார். சரி என்று நானும் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அதில்தான் இரண்டு தடவை மாட்டிக்கொண்டேன்.

முதல் தடவை, 100/200 பிளைண்ட் (சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) ஹோல்டம் மேசை, ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து பொதுவில் விரிக்கும் ஆட்டம். ஃப்ளாப்பில், அதாவது பொதுவில் முதலில் விரிக்கும் மூன்று சீட்டில், விழுந்த மூன்றும் ஆட்டின் (ஹார்ட்). மூன்றாம் இருக்கையில் இருந்தவர் தன் இரண்டு சீட்டின் ஓரத்தைத் தூக்கி மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு 1500 வைத்தார். ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) வந்துவிட்டது என்று என் மனதில் ஓடியது. ஏழாம் இருக்கைக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார், அவர் முறை, நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என் கண் மூன்றாம் இருக்கையின் சீட்டுக்குப் போய்விட்டு வந்தது. அவ்வளவுதான், ஒரு நொடிகூட இருக்காது. ஏழாம் இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், சீட்டை எறிந்துவிட்டார். நான் அடுத்த மேசைக்கு மாறும்போது 500 ரூபாய் சிப் ஒன்றைத் தள்ளி, உன் கண் எனக்கு ஐயாயிரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது என்று இந்தியில் சொன்னார். பொது டிப்ஸ் பெட்டியில் போட்டுவிட்டேன். ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் இருக்கைக்காரர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

இரண்டாவது போன வாரம். சென்னையிலிருந்து வந்த இரண்டு நண்பர்கள் நான்கிலும் ஐந்திலும் உட்கார்ந்திருந்தார்கள். ஃப்ளாப் 8, 8, கிங். ஐந்தாம் இருக்கைக்காரர் முன்னாலேயே சீட்டை எறிந்துவிட்டார், நண்பர் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார், எதிரே டெல்லிக்காரர் ஒருவர். ஐந்தாவது ஆள் தமிழில் மெதுவாக, "மச்சான், ஒரு எட்டைத் தூக்கிப் போட்டுட்டேன்டா" என்றார். அந்த மேசையில் அது புரிந்தது அவர்கள் இருவருக்கும் எனக்கும் மட்டும்தான். நான் தமிழன் என்று அவர்களுக்குத் தெரியாது. வாயைத் திறக்கவா வேண்டாமா என்று நினைப்பதற்குள் டெல்லிக்காரர் சீட்டை எறிந்து ஃபோல்ட் செய்துவிட்டார், ஆட்டம் முடிந்துபோனது.

டீலராக இருப்பவர்கள், போக்கர் ஆடுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். ஆட்களிடம் எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளவே கூடாது? முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? தமிழ் காதில் விழுந்தால் என்ன செய்வது?

நடுக்கடல்:

தம்பி, நான் 11 வருடம் டீலர், அதில் பாதி பயணிகள் கப்பலில், இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உனக்குத் தூக்கம் வராமல் போனது நல்லது. அந்த 500 ரூபாயைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறவன்தான் இந்த வேலைக்கு ஆகாதவன்.

முதலில் அந்த ஆட்டின் ஃப்ளாப்பைப் பற்றிச் சொல்கிறேன், நீ போட்ட கணக்கே தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கையில் இரண்டும் ஆட்டினாக வந்தவனுக்கு அது மறக்காது, ஒரே ஜாதிச் சீட்டு வந்திருக்கிறது என்று வாங்கும்போதே மனதில் பதிந்துவிடும். ஃப்ளாப்பில் மூன்று ஒரே ஜாதியாக விழுந்ததும் திரும்ப எட்டிப் பார்க்கிறவன் பெரும்பாலும் வேறு வேறு ஜாதி வைத்திருப்பவன். ஏஸும் ஜாக்கும் என்று நினைவிருக்கும், அதில் எது ஆட்டின் என்பது நினைவிருக்காது, அதைத்தான் பார்க்கிறான். அதாவது அவருக்கு ஃப்ளஷ் வந்திருக்கவில்லை, இன்னும் ஒன்று வந்தால் ஆகும் என்ற நிலையில் இருந்திருக்கலாம். நீ நினைத்தது தப்பு, உன் கண்ணை நம்பி ஏழாம் இருக்கைக்காரர் எறிந்ததும் தப்பாக இருந்திருக்கலாம், ஆனால் பணம் போய்ச் சேர்ந்த இடம் மாறிவிட்டது. நீ சரியாகவே கண்டுபிடித்திருந்தாலும் இதே கதைதான்.

உன் சீனியர் ஆளைப் பார் என்று சொன்னதற்கு, அவன் கையில் என்ன சீட்டு என்று பார் என்று அர்த்தமில்லை. அடுத்த நொடி அவன் என்ன செய்யப்போகிறான் என்று பார் என்று அர்த்தம். டீலருக்குத் தேவையானது அது ஒன்றுதான், அதைப் பார்க்கவே ஒரு ஆயுள் போதாது.

உதாரணமாக, புது ஆள் ஒருவன் உட்கார்ந்தால் அவன் கண் எங்கே போகிறது என்று பார். பழகியவன் தனக்கு வலப்பக்கம் இருப்பவர்களைப் பார்ப்பான், அவர்கள்தானே அவனுக்கு முன்னால் ஆட வேண்டியவர்கள். புதியவன் தன் சீட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பான், பிடிக்கவில்லை என்றால் இரண்டையும் விரலிடுக்கில் தூக்கி வைத்துக்கொண்டு எறியத் தயாராக நிற்பான். அவன் முறை வர இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். அவன் முந்தி எறிந்தால் நடுவில் இருக்கிறவர்களுக்கு அநியாயம், ஒரு எதிரி குறைந்துவிட்டான் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அந்த மணிக்கட்டு லேசாக உயரும்போதே நீ உள்ளங்கையை விரித்து, முறை யாருடையதோ அவரைக் காட்டி, "ஆக்ஷன் இங்கே சார்" என்று சொல்ல வேண்டும். திட்டுவது போல இல்லாமல், தெரு முனையில் வழி சொல்வது போல.

சிப் விஷயமும் அப்படித்தான். 200 பிளைண்டுக்கு ஒரே ஒரு 1000 சிப்பை வாயே திறக்காமல் போட்டால் அது வெறும் கால் (இருக்கும் தொகைக்குச் சமமாக வைப்பது) தான், ரெய்ஸ் (தொகையை ஏற்றுவது) ஆகாது. புதியவர்களுக்கு இது தெரியாது, 1000-க்கு ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள், அப்புறம் சண்டை. ஒருவன் ஒரு பெரிய சிப்பை விரலில் உருட்டிக்கொண்டு யோசித்தால், கொஞ்ச நேரத்தில் உனக்கு வேலை வரப்போகிறது என்று பொருள். ஆனால் அவன் போடுவதற்கு முன்னால் கால் செய்கிறீர்களா ரெய்ஸா என்று நீயாகக் கேட்டு எடுத்துக்கொடுக்காதே. போட்ட பிறகு சத்தமாக, தெளிவாக "கால்" என்று அறிவி, எல்லோருக்கும் கேட்கட்டும். சிலர் கொஞ்சம் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோய் இன்னும் கொஞ்சம் எடுத்து வருவார்கள், எதிரியின் முகம் மாறுகிறதா என்று நடுவில் பார்த்துக்கொள்வதற்கு. தெரியாமல் செய்கிறவர்களும் உண்டு. முதல் தடவை வைத்ததுதான் கணக்கு. கை அடுக்குக்குத் திரும்புவதை நீ பார்த்திருந்தால்தான் இதைச் சொல்ல முடியும், சீட்டுக்கட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் வாதத்துக்கு நடுவில் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான்.

நான் செய்த பெரிய தப்பு இரண்டாவது மாதத்தில் நடந்தது. என் இடது கைக்குப் பக்கத்திலேயே, முதலாம் இருக்கையில் வயதான ஒருவர். சீட்டின் மேல் சிப்போ கையோ வைத்துக் காக்காமல், எறிந்த சீட்டுகள் குவியும் இடத்தை ஒட்டி முன்னால் தள்ளி வைத்திருந்தார். நான் மற்றவர்கள் எறிந்ததைக் கூட்டி இழுக்கும்போது அதையும் சேர்த்து இழுத்துவிட்டேன். உள்ளே இரண்டு கிங். குவியலில் கலந்துவிட்டது, இனி எடுக்க முடியாது. ஃப்ளோரை (மேசைகளின் மேற்பார்வையாளரை) கூப்பிட்டேன், விதிப்படி சீட்டைக் காப்பது ஆட்டக்காரர் பொறுப்பு, ஹேண்ட் போனது போனதுதான் என்று முடிவு சொன்னார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பரவாயில்லை தம்பி என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்திலேயே சீட்டை எங்கே வைக்கிறார் என்று பார்த்திருக்க வேண்டும், "சார், மேலே ஒரு சிப் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஒன்பது பத்துப் பேர் மேசையில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஹேண்ட், அதாவது 30 ஆட்டம், போடுவாய், அரை மணி நேரத்தில் உன்னை அடுத்த மேசைக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு மேசையில் உனக்குக் கிடைப்பது 15 ஹேண்ட். முதல் மூன்று நான்கிலேயே யார் புதிது, யாருக்குக் காது மந்தம், யார் போனில் மூழ்கியிருக்கிறார், யார் குடித்திருக்கிறார் என்று பார்த்து வைத்துக்கொள்.

அந்தத் தமிழ் விஷயத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும், கப்பலில் எனக்கு அப்படி ஒன்று நேரவில்லை.

ஏழாம்_இருக்கை:

பெயரைப் பார்த்து நான்தான் அந்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், இது பழைய பெயர். நான் ஆடுகிறவன், பெங்களூரில் வேலை, வருடத்துக்கு நான்கைந்து தடவை கோவா வருகிறேன். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் டீலரைக் கவனிக்கிறோம். டீலருக்கு யாருடைய சீட்டும் தெரியாது என்பது தெரியும், ஆனால் புது டீலர் தான் என்ன நினைக்கிறார் என்பதை மறைக்கத் தெரியாதவர். கண்ணைவிட மோசம் கைதான். ரிவர் சீட்டுக்கு (பொதுவில் விரிக்கும் கடைசிச் சீட்டு) முன்னால் கடைசி ஆள் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார், அதற்குள் டீலர் கட்டின் மேல் விரலை வைத்து அடுத்த சீட்டை எடுக்கத் தயாராகிவிடுவார். அதாவது அவர் கால் செய்யப்போகிறார் என்று டீலர் முடிவு கட்டிவிட்டார். அல்லது பாட்டை ஒருவர் பக்கமாக நகர்த்த ஆரம்பித்துவிடுவார், எதிரி இன்னும் எறியவே இல்லை. இப்படிப் பார்த்து யோசிக்கிறவர் மனதை மாற்றிக்கொண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புதுக்கை, கடைசி ஆள் முடிக்கும்வரை இரண்டு கையும் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கட்டும். முகத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இதைப் பழகுவது சுலபம்.

இன்னொன்று, முகத்தைப் பார்த்துச் சீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையையே விட்டுவிடுங்கள். 2013-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 2009 உலக போக்கர் தொடரின் வீடியோத் துண்டுகளை, போக்கரில் பெரிய அனுபவம் இல்லாத மாணவர்களிடம் காட்டி, ஆட்டக்காரர் கையில் இருப்பது எவ்வளவு நல்ல சீட்டு என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகம் மட்டும் தெரிந்த வீடியோவில் ஊகம் குருட்டுப்போக்கைவிட மோசமாக இருந்தது, முகம் ஏமாற்றிவிட்டது. சிப்பைத் தள்ளும் கை மட்டும் தெரிந்த வீடியோவில் குருட்டுப்போக்கைவிட நன்றாகவே சொன்னார்கள். தயக்கமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் கை நல்ல சீட்டு வைத்திருக்கும் கை. பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றிய ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2006-இல் கணக்குப் பார்த்தபோது சராசரி மனிதன் சரியாகச் சொல்வது 54 சதவீதம் என்று வந்தது. பூவா தலையா போட்டாலே 50. இந்த நாலு சதவீதத்தை நம்பித்தான் மேசையில் பாதிப் பேர் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கை நடுங்கினால் பயப்படுகிறான் என்று நினைப்பதும் அப்படித்தான். என் அனுபவத்தில், பெரிய தொகை வைக்கும்போது திடீரென்று கை நடுங்குகிறவனிடம் பெரும்பாலும் பெரிய சீட்டு இருக்கும், காத்திருந்தது வந்துவிட்ட படபடப்பு அது. பொய்யாக வைக்கிறவன் உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்குவான்.

நடுக்கடல் அண்ணா சொன்ன சிப் சண்டை இப்போது அதிகமாகியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய சட்டம் தடை போட்ட பிறகு, இதுவரை போனில் மட்டுமே ஆடிய பையன்கள் நான் உட்காரும் மேசைகளுக்கு வருகிறார்கள். கணக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம், எங்களைவிட நன்றாக ஆடுவார்கள். ஆனால் சிப்பைக் கையால் தள்ளியதில்லை, தன் முறைக்குக் காத்திருந்ததில்லை, போனில் அந்த பட்டன் அவர்கள் முறை வந்தால்தானே எரியும். புது ஆள் என்றால் மோசமாக ஆடுகிறவன் என்று டீலர் எடுத்துக்கொள்ளக் கூடாது, நடைமுறை தெரியாதவன், அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் நடுக்கடல் அண்ணாவோடு ஒத்துப்போக மாட்டேன். டீலர் கல் மாதிரி உட்கார வேண்டும் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது தவறு. ஹேண்ட் முடிந்து அடுத்த ஹேண்டுக்குச் சீட்டைக் கலைக்கும் நேரத்தில் சிரியுங்கள், ஊர் கேளுங்கள், பேசுங்கள். நாங்கள் நள்ளிரவு தாண்டி உட்கார்ந்திருப்பது மனிதர்களோடு ஆடத்தான்.

நடுக்கடல்:

ஏழாம் இருக்கை, கல் மாதிரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதியவனுக்குப் பேச்சையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், கலைக்கும்போது ஆரம்பித்த பேச்சு ஃப்ளாப் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆறு மாதம் ஆகட்டும், பேச்சு தானாக வரும். அந்தக் கை விஷயம், கட்டின் மேல் விரல் வைப்பது, அதை என் வகுப்பில் நாளைக்கே சொல்லப்போகிறேன்.

முத்துநகர்_அக்கா:

தம்பி, நானும் டீலர்தான், ஆறு வருடம் ஆகிறது. தமிழ் விஷயத்துக்குப் பதில் சொல்லத்தான் உள்ளே வந்தேன்.

முதலில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார். மேசையில் இரண்டு எட்டு விழுந்திருக்கிறது, கட்டில் மீதம் இரண்டு. அதில் ஒன்று குப்பைக்குப் போய்விட்டது என்று நண்பனுக்குத் தெரிந்துவிட்டது. இனி டெல்லிக்காரரிடம் எட்டு இருக்க வேண்டும் என்றால் அந்தக் கடைசி ஒன்றுதான், வாய்ப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. மூன்று எட்டு இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தவன் இப்போது தைரியமாக ஏற்றலாம். டெல்லிக்காரருக்கு இதில் எதுவும் தெரியாது. ஒரு ஹேண்டை ஒரு ஆள்தான் ஆட வேண்டும் என்பது அடிப்படை விதி, அது அங்கே உடைந்துவிட்டது. அவர்கள் திட்டம் போட்டுச் செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, மூணு சீட்டு ஆடும்போது எறிந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்போம் இல்லையா, அந்தப் பழக்கமாகவும் இருக்கலாம்.

நீ செய்ய வேண்டியது இதுதான். உடனே, அந்த நொடியே, ஆட்டத்தை நிறுத்து. மேசை முழுவதற்கும் புரியும் மொழியில், "ஹேண்ட் நடக்கும்போது சீட்டைப் பற்றிப் பேசக் கூடாது" என்று சொல், கையைத் தூக்கி ஃப்ளோரைக் கூப்பிடு. அவர் வந்ததும் காதில் என்ன கேட்டது என்று அப்படியே சொல். மேசைக்கு அறிவிப்பதா, எச்சரிக்கையோடு விடுவதா என்பது அவர் முடிவு. நீயாகவே டெல்லிக்காரரிடம் எட்டு போய்விட்டது என்று சொல்லிவிடாதே, அப்போது நீயும் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறாய். அமெரிக்கக் கார்டு ரூம்கள் பலவற்றில் ஹேண்ட் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் இடத்தில் என்ன விதி என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்.

நான் செய்வது இன்னொன்று உண்டு. நம்மூர்க்காரர்கள் என்று பேச்சில் தெரிந்தால், சீட்டைக் கலைக்கும்போதே "வாங்க, எந்த ஊர்?" என்று தமிழில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராமலே போய்விடும். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் கொஞ்சம் யோசித்துத் திட்டுவார்கள்.

திட்டு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், மேலே யாரும் தொடவில்லை. தோற்கிறவர்களைக் கவனி. சிப்பை நிறத்துக்கு ஒரு அடுக்காக அழகாக வைத்திருந்த ஆள் ஒரு பெரிய பாட் தோற்றதும் அடுக்குவதை விட்டுவிடுவார், குவியலாகக் கிடக்கும். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவருக்குப் பதில் சொல்வது நின்றுவிடும். சீட்டு என் பக்கம் வரும் வேகம் கூடும், சறுக்கிக்கொண்டு வந்த சீட்டு பறந்து வரும். முன்னால் நாலு ஹேண்டுக்கு ஒன்று ஆடியவர் எல்லா ஹேண்டும் ஆடுவார். அப்போது அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே உதவி, ஒரே வேகத்தில், தப்பில்லாமல் போடுவது. அந்த நேரத்தில் டீலர் செய்யும் ஒரு சின்னத் தப்பு பெட்ரோலில் விழுந்த தீக்குச்சி. ஆறுதல் சொல்லப் போகாதே, அடுத்த தடவை வரும் சார் என்று சொல்லவே சொல்லாதே, வராமலும் போகலாம், வரும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. சீட்டை முகத்தை நோக்கி எறிந்தாலோ வார்த்தை தடித்தாலோ பதில் பேசாமல் ஃப்ளோரைக் கூப்பிடு. பெண் டீலர்களுக்கு இது எத்தனை தடவை நடக்கிறது என்று எழுத ஆரம்பித்தால் தனி இழை வேண்டும்.

கடைசியாக ஒன்று. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் சரி என்று தெரிந்தும் வலிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு நடந்தது. மேசையில் 6, 7, 8, 10, கிங். ஒருவர் கிங் குயின் விரித்துக் காட்டிவிட்டார், கிங் ஜோடி. எதிரே இருந்தவர், நாற்பது வயது இருக்கும், களைத்துப்போயிருந்தார், அன்று முழுக்கத் தோல்வி. "ஒன்பது ஜோடிதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சீட்டைக் கவிழ்த்த மாதிரியே என் பக்கம் தள்ளினார். ஒன்பது இருந்தால் 6, 7, 8, 9, 10. ஸ்ட்ரெய்ட். அவர் ஜெயித்துவிட்டார், அது அவருக்குத் தெரியவில்லை. விரித்து வைத்த சீட்டைப் படித்துச் சொல்வது என் கடமை, அவர் வாயால் என்ன சொன்னாலும் மேசையில் தெரியும் சீட்டுதான் பேசும். ஆனால் கவிழ்ந்திருக்கும் சீட்டைப் பற்றி நான் ஒரு எழுத்து பேசக் கூடாது, பேசினால் விரித்துக் காட்டியவரின் பணத்தை என் வாயால் எடுத்துக் கொடுத்தவள் ஆவேன். சீட்டை வாங்கிக் குவியலில் சேர்த்தேன், பாட்டை எதிர்ப்பக்கம் தள்ளினேன். அரை நிமிடம் கழித்து அவருக்கே புரிந்தது. என்னைப் பார்த்து, உங்களுக்குத் தெரியும் இல்லையா என்றார். நான், விரித்து வைத்தால்தான் படிக்க முடியும் சார் என்றேன். வேறு என்ன சொல்வது.

அன்றிலிருந்து, கடைசி பந்தயம் முடிந்ததும், யாராக இருந்தாலும், இரண்டு பேர் இருந்தாலும் நான்கு பேர் இருந்தாலும், "சீட்டை விரித்து வையுங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். ஒருவருக்கு மட்டும் சொன்னால் அது உதவி. எல்லோருக்கும், எப்போதும், ஒரே குரலில் சொன்னால் அது நடைமுறை. எங்கள் ஃப்ளோரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன், நீயும் கேட்டுக்கொள். இந்த இரண்டு வருடத்தில் இப்படி விரித்து வைத்ததில், தோற்றுவிட்டோம் என்று நினைத்த மூன்று நான்கு பேர் ஜெயித்திருக்கிறார்கள். அதில் யாருடைய முகத்தையும் நான் முன்கூட்டிப் பார்க்கவில்லை.

புதுக்கை:

அண்ணா, அக்கா, ஏழாம் இருக்கை ப்ரோ, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று ஷிஃப்டுக்குப் போவதற்கு முன்னால் இதை எல்லாம் இரண்டு தடவை படித்துவிட்டுப் போனேன்.

ஒவ்வொரு பந்தயச் சுற்றிலும் கட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இடது கையில் கட்டு, வலது கை மேசை விளிம்பில், முறை யாருடையதோ அவருடைய சிப்பில் மட்டும் கண் என்று வைத்துக்கொண்டேன். முதல் ஒரு மணி நேரம் தோள் வலித்தது. அப்புறம் கவனித்தேன், முகத்தைப் பார்க்காமல் இருந்தால் ஊகம் தானாக வருவதே இல்லை. ஒன்பதாம் இருக்கையில் ஒரு பையன் முந்தி எறியப் போனான், மணிக்கட்டு தூக்கியதிலேயே பிடித்துவிட்டேன், "ஆக்ஷன் ஆறாம் இருக்கை" என்றதும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு சாரி என்றான். பிரேக்கில் ஃப்ளோரிடம் அந்தத் தமிழ்ப் பேச்சு பற்றியும் சொல்லிவிட்டேன், அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று கொஞ்சம் கோபப்பட்டார். நியாயம்தான். மொழி விதியை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விரித்து வைக்கச் சொல்வதற்கும் சம்மதித்தார்.

அக்கா, ஒன்றே ஒன்று. "விரித்து வையுங்கள்" என்பதை இங்கே பெரும்பாலும் இந்தியில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, என் இந்தி கட்டளை போடுவது மாதிரி வந்து விழுகிறது. மரியாதையாக எப்படிச் சொல்கிறீர்கள்?

முத்துநகர்_அக்கா:

"கார்ட்ஸ் ஓப்பன் கீஜியே, சார்." கீஜியே என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல். "கரோ" என்று சொல்லிவிடாதே, நம்மவர்கள் எல்லோரும் முதலில் அதில்தான் வழுக்குவோம். பெண்கள் இருந்தால் மேடம் சேர்த்துக்கொள்.